கடலுக்குள் ஆறு கோயில்கள்

கேள்வி: மாமல்லபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த என் மகன், அங்கே ஏழு கோயில்கள் இருந்தனவாம், ஆறு கடலுக்குள் போய்விட்டனவாம் என்று வழிகாட்டி சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறான். என் தகப்பனார் அது சத்தியம் என்கிறார்; அடுத்த வீட்டு நண்பரோ சுத்தப் புளுகு என்கிறார். கேட்டதைச் சீர்தூக்கிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு எப்படி உண்டாக்குவது?
– ஒரு வாசகர், செங்கற்பட்டு

பதில்: தங்கள் தகப்பனார் விசாரியாமல் நம்பினார், நண்பர் விசாரியாமல் தள்ளினார், இருவரிடமும் உள்ள குறை ஒன்றேயாதலால், பையனை எந்தக் கட்சியிலும் சேர்த்துவிட வேண்டாம். கண்டவர் யார், கேட்டவர் யார் என்பதையே அவன் முதலில் விசாரிக்க வேண்டும். ஐரோப்பிய மாலுமிகள் ‘ஏழு பகோடா’ என்று வழங்கிய இவ்வூரைப் பற்றி வில்லியம் சேம்பர்ஸ் எழுதி 1788-இல் வெளியான கட்டுரையில், கடலுக்குள் வெகுதூரத்தில் செப்புத் தகடு வேய்ந்த கோயில் உச்சிகள் உதயகாலத்தில் பளபளத்ததை முதியவர்கள் கண்டதுண்டு என்று ஊரார் தம்மிடம் சொன்னதாக ஒரு குறிப்பு வருகிறது. ஆக, இது மூன்று வாய் மாறி நம்மிடம் வந்த செய்தி. இப்போது ஏன் தெரியவில்லை என்றால், செம்பில் களிம்பேறிவிட்டது என்று சமாதானமும் சொல்லியிருக்கிறார்கள்! இவ்வாறு சோதனைக்கே இடம் வைக்காத சமாதானம், கைப்பேசியில் வரும் வைத்தியக் குறிப்பிலாயினும் சரி, மனை விற்கும் தரகர் பேச்சிலாயினும் சரி, எங்கே தலைகாட்டினாலும் அங்கே சற்று நின்று யோசிப்பது விவேகம்.

அதற்காகக் கதையை முழுதும் தள்ளிவிடலாமோ என்றால், அதுவும் கூடாது. 2002-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் பிரிட்டிஷ் முக்குளிப்போரும் இக்கடலில் இறங்கித் தேடியபோது, சுவர்ப் பகுதிகளும் செதுக்கிய கற்களும் தென்பட்டன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து போனபின், சாளுவன்குப்பத்தில் மணல் விலகி வெளிப்பட்ட பாறைச் சாசனங்கள் ஒரு சுப்பிரமணியர் கோயிலைக் குறித்தன. தொல்லியல் துறையார், சாசனமே சொல்லிவிட்டதே என்று அமர்ந்துவிடாமல், 2005-இல் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். கருங்கற் கட்டடமும் அதற்குக் கீழே பழைய செங்கற்கோயிலும் கிடைத்தன. அது கரையிலே கிடைத்தது என்பதையும், ஆறு என்ற கணக்குக்கு அது சாட்சியாகாது என்பதையும் பையனுக்கு மறவாமல் சொல்லுங்கள். கடலடியில் மனிதர் கட்டியவை உண்டு என்ற வரைக்கும் நம்பலாம். அவை ஆறு கோயில்கள் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ஒரு வேண்டுகோள்: இதையெல்லாம் கற்றுக்கொண்டு பையன் பாட்டனாரை மடக்கப் புறப்பட்டுவிடக் கூடாது. ‘தாத்தா, இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?’ என்று மரியாதையோடு கேட்கட்டும். அடுத்த விடுமுறையில் மூவருமாகத் திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் போய், வடக்கே சிறிது தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்தையும் பார்த்துவாருங்கள்.