கணிப்பொறிக்குள் ஒரு பள்ளி மணி
(பத்தாம் வகுப்பு மாணவி)

காலையில் நம் பள்ளி மணி அடிக்கும்போது என்னென்ன நடக்கிறது என்று தோழிகள் என்றாவது கவனித்ததுண்டா? வாட்ச்மேன் தாத்தா கயிற்றை இழுக்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை. அந்த ஒரு சத்தத்தில் சிஸ்டர் கேட்டைச் சாத்தச் சொல்கிறார்கள், ஆசிரியைகள் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுக்கிறார்கள், சிறு வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் ஓடி நிற்கிறார்கள், டி.டி.கே. சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கிய நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தாத்தா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வதில்லை. யார் கேட்கிறார்கள், கேட்டு என்ன செய்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. நாளை புதிதாக ஓர் ஆசிரியை சேர்ந்தாலும் கயிற்றை இழுக்கும் முறை மாறப்போவதில்லை.

நமது சென்னைக்கு இது பழைய பழக்கந்தான். ஆழ்வார்பேட்டைக்கு அருகில், நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் வானாய்வுக்கூடம் ஒன்றைக் கட்டினார்கள். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது. அங்கே கணித்த நேரத்தைக் கொண்டு இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்களாம். பின்னர் தந்திக் கம்பி வழியாகவும் நேரக் குறிப்பு வெளியூர்களுக்குப் போயிற்று. இந்திய ரயில்கள் பலகாலம் இந்த ‘மதராஸ் நேர’த்தைப் பார்த்தே ஓடின. 1906இல் தான் இந்தியாவுக்கென்று பொதுவான திட்ட நேரம் வந்தது. பீரங்கி சுட்டவருக்கு எத்தனை வீட்டுக் கடிகாரங்கள் திருத்தப்பட்டன என்று தெரிந்திருக்குமா?

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்கு, நான்கு அணிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பெரிய திரையில் காட்டும் நிரல் ஒன்றை நாங்கள் நால்வர் எழுதினோம். ஆளுக்கு ஒரு பகுதி. ஒருத்தி போட்டி முடிவைப் பதிவு செய்யும் பகுதி, ஒருத்தி மொத்தக் கணக்கு, ஒருத்தி திரை, ஒருத்தி சான்றிதழ் அச்சிடுவது. இப்படிப் பிரித்த துண்டுகளைக் கணிப்பொறிக்காரர்கள் மாட்யூல் என்கிறார்கள்.

முதலில் பதிவுப் பகுதியே மற்ற மூன்றையும் பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்கியது. நன்றாகத்தான் ஓடிற்று. விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் சான்றிதழ்க்காரி தன் பகுதியில் ஒரு பெயரை மாற்றினாள். உடனே பதிவுப் பகுதி நின்றுவிட்டது! அவள் மாற்றியது அவள் வீட்டுக்குள். உடைந்தது எங்கள் வீட்டில். ஒரு மாலை முழுதும் சண்டை போட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கணிப்பொறி ஆசிரியை சிரித்துவிட்டு, “நீங்கள் மணி வைக்காமல் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறீர்கள்” என்றார்கள். பிறகு ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்னும் நூலகத்தைக் காட்டினார்கள். நூலகம் என்றதும் அலமாரியை நினைக்க வேண்டாம். பிறர் எழுதி வைத்து, நாம் எடுத்தாளும் நிரல் தொகுப்புக்கு அப்படி ஒரு பெயர். இதன் மூல வடிவத்தை மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் எரிக் மெய்யர் என்பவரின் குழு உருவாக்கி 2009இல் வெளியிட்டது. ஜாவா மொழிக்கான வடிவத்தை நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2013இல் பொதுவில் தந்தது. நாங்கள் எடுத்தது ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான வடிவம்.

அதில் ‘சப்ஜெக்ட்’ என்று ஒன்று உண்டு. அதுதான் மணி. பதிவுப் பகுதி ஒரு முடிவு வந்ததும் ‘நெக்ஸ்ட்’ என்னும் கட்டளையால் மணியை அடிக்கிறது: “நூறு மீட்டர், நீல அணி, ஐந்து புள்ளி.” கேட்க விரும்பும் பகுதிகள் ‘சப்ஸ்கிரைப்’ செய்கின்றன, அதாவது பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதுபோல் தம் பெயரைப் பதிந்துகொள்கின்றன. இப்போது சான்றிதழ்க்காரி தன் பகுதியில் எதை மாற்றினாலும் பதிவுப் பகுதிக்குக் கவலையில்லை. செய்தியின் அமைப்பை மட்டும் யாரும் தன் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. அதை ஒரு நோட்டில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டோம்.

வருகிற செய்தியை வழியிலேயே சலிக்கவும் முடியும். அவசரத்தில் ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்திவிடும் பழக்கம் எங்களில் ஒருத்திக்கு உண்டு. அரை நொடிக்குள் அடுத்தடுத்து வரும் அழுத்தங்களில் கடைசி ஒன்றை மட்டும் விடும் சல்லடை ஒன்று நூலகத்திலேயே இருந்தது. ஒரே வரியில் அவள் காப்பாற்றப்பட்டாள்.

ஒத்திகையில் வேறொரு தொல்லை. திரையைத் தாமதமாகத் திறந்தால் அடுத்த முடிவு வரும்வரை அது வெறுமையாக இருந்தது. மணி அடித்து முடிந்தபின் வருகிறவளுக்கு மணி கேட்காதல்லவா? அதற்கு ‘பிஹேவியர் சப்ஜெக்ட்’ என்று இன்னொரு வகை உண்டு. அது கடைசிச் செய்தியை நினைவில் வைத்து, புதிதாகச் சந்தா கட்டுகிறவருக்கு உடனே கொடுத்துவிடும். வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் புள்ளிகளைத் திரைக்கு அனுப்ப அதைப் பயன்படுத்தினோம்.

ஆனால் பெரிய தவறு விழா நாளன்றுதான் நடந்தது. மொத்தக் கணக்குப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது புதிதாக ஒரு சந்தா கட்டியது. மூடும்போது பழைய சந்தாவை நிறுத்தவில்லை. அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தை மூடி மூடி மூன்று முறை திறந்திருந்தோம். ஆகவே தொடர் ஓட்டத்தில் சிவப்பு அணி பெற்ற பத்துப் புள்ளியை மூன்று சந்தாக்களும் தனித்தனியே கேட்டு, தனித்தனியே கூட்டின. முப்பது! ஒலிபெருக்கியில் சிவப்பு அணி முதலிடம் என்று அறிவித்தும்விட்டார்கள். கையால் கணக்கு எழுதி வந்த உடற்பயிற்சி ஆசிரியை மேடைக்கு ஓடி வந்தார்கள். அறிவிப்பைத் திரும்பப் பெற்றபோது சிவப்பு அணியின் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழுதுவிட்டாள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். “அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா அக்கா?” என்றாள். கம்ப்யூட்டர் இல்லை, நாங்கள்தான் என்றோம்.

திருத்தம் எளிது. பக்கத்தை மூடும்போது ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று சொல்லிச் சந்தாவை நிறுத்த வேண்டும். கூட்டும் வேலையைப் பக்கத்தில் வைக்காமல், நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறை சந்தா கட்டும் தனிப் பகுதியில் வைத்தது அதைவிட நல்லதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மணி அடிக்கலாமா? எங்கள் எண்ணத்தில் கூடாது. “இந்த ஓட்ட எண் சரியானதா?” என்று கேட்டால் அப்போதே பதில் வேண்டும், அங்கே நேராக அழைப்பதே தெளிவு. மேலும் மணிகள் பெருகினால், எந்தச் சத்தத்துக்கு யார் எழுந்து ஓடினார்கள் என்று கண்டுபிடிப்பது தலைவலி. அன்று எங்கள் பிழையைத் தேட இரண்டு மணி நேரம் ஆனதற்கும் அதுவே காரணம். இரண்டே மணிகள் போதும் என்று இப்போது வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் ஐந்தாவது பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். முடிவு வந்ததும் அறிவிப்பாளருக்குச் சீட்டு அச்சிட்டுத் தரும். ஒரு சந்தா, சில வரிகள், அவ்வளவே. நாங்கள் பாடுபட்டு எழுதிய பதிவுப் பகுதியை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்குச் சற்று வருத்தந்தான்.