தென்னை ஏற முள்ளுக்கால் வேண்டாம்: ஐந்து மரம் கொடுத்துக் கற்ற பாடம்

பேராவூரணி பக்கத்தில் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் வருவதற்கு முந்தின நாள் வரைக்கும் 120 மரம். விடிஞ்சு போய்ப் பார்த்தப்ப நின்னது 38. அந்த 38-இல் ஐந்து மரத்தைப் புயல் இல்லாமலே நான் கொன்னுட்டேன். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. மரம் ஏற என்ன கருவி வாங்கலாம்னு யோசிக்கிறவங்க வாங்கும் முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

எங்க தோப்புக்கு இருபது வருஷமா ஒரே ஆள்தான் ஏறுவார். முறைக்கு மாமா வேணும். காலில் தளை மாட்டி, இடுப்பில் அரிவாள் சொருகி, பேசிக்கிட்டே ஏறிப்போவார். புயலுக்கு அப்புறம் முழங்கால் வலி வந்து நிறுத்திட்டார். அவர் பையன் திருப்பூரில் இருக்கான். வேற ஆளைக் கூப்பிட்டால் பெரிய தோப்புகளை முடிச்சிட்டுத்தான் என்கிட்ட வருவாங்க. 45 நாளைக்கு ஒரு வெட்டு என்பது எழுபது, எண்பது நாள் ஆச்சு. முற்றின காய் தானா விழுந்து கிடந்தது.

அந்த நேரத்தில் செல்போனில் ஒரு காணொளி பார்த்தேன். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போறவங்க, சேணம் மாதிரி ஒரு பட்டையை இடுப்பில் கட்டி மரத்தில் தொங்கிக்கிட்டே காத்திருக்காங்க. மரம் ஏற அவங்கள்ல சிலர் முழங்காலுக்குக் கீழே ஒரு இரும்புக் கருவியைக் கட்டுறாங்க. உள்பக்கம் கூரான முள் ஒன்று நீட்டிக்கிட்டு இருக்கும். மரத்தில் குத்தி, குத்தி ஏற வேண்டியதுதான். 'ஸ்பர்' என்று பேர். எங்க ஊர்ப் பசங்க 'முள்ளுக்கால்' என்றாங்க. இணையத்தில் பணம் கட்டி ஒரு சோடி வரவழைச்சேன்.

மாமா அதைப் பார்த்ததும், "தம்பி, மரத்துல ஓட்டை போட்டு ஏறுறது ஏறுறதா?" என்றார். நான், "ஊசி குத்தின மாதிரிதான் மாமா, ஆறிப்போயிடும்" என்றேன். அந்த 'ஆறிப்போயிடும்' தான் தப்பு.

மாமரத்திலோ வேம்பிலோ காயம் பட்டால், பட்டைக்கு அடியில் வளர்கிற ஒரு மெல்லிய அடுக்கு இருக்கு. அது புதுப் பட்டையை உண்டாக்கி ஓரத்திலிருந்து காயத்தை மூடிக்கிட்டு வரும். தென்னை அப்படி இல்லை. அது நெல், கரும்பு, மூங்கில் மாதிரி ஒருவித்திலைத் தாவரம். சாறு கடத்தும் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், அந்த வளரும் அடுக்கு அதற்குக் கிடையாது. அதனால்தான் தென்னை வயசானாலும் மற்ற மரம் மாதிரி பெருத்துக்கிட்டே போறதில்லை. தண்டில் விழுந்த ஓட்டை, மரம் இருக்கிற வரைக்கும் ஓட்டைதான். தாத்தா காலத்தில் படி வெட்டி ஏறின மரம் உங்க ஊரில் இருந்தால் போய்ப் பாருங்க. வெட்டின இடம் அன்னைக்கு வெட்டின மாதிரியே இருக்கும்.

ஓட்டை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. காயத்திலிருந்து வடிகிற சாறு புளிச்சு வாசம் வரும். அந்த வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும், காயத்துக்குள் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள்ளேயே தின்னுக்கிட்டுப் போகும். வெளியே நமக்கு ஒன்றும் தெரியாது. காண்டாமிருக வண்டு வேலையைக் குருத்தில் விசிறி மாதிரி வெட்டுப்பட்ட ஓலையை வைத்துக் கண்டுபிடிச்சிடலாம். கூன்வண்டு காட்டிக்கொடுக்காது. தண்டில் பழுப்பு நிறச் சாறு, ஓட்டை வாயில் மென்று துப்பின நார், காதை வைத்துக் கேட்டால் உள்ளே கரகரவென்று சத்தம், நடு ஓலை மஞ்சளாவது, இதெல்லாம் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

நான் 14 மரத்தில் முள்ளுக்காலோடு ஏறினேன், நாலு வெட்டு. ஏழாவது மாசம் வாய்க்கால் ஓரத்து மரத்தில் பழுப்புச் சாறு பார்த்தேன். வேப்பெண்ணெயும் களிமண்ணும் குழைச்சு ஓட்டை எல்லாம் அடைச்சேன். ஒரு காற்று நாளில் கொண்டை முறிஞ்சு விழுந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக நாலு மரம். பிளந்து பார்த்தப்ப மூன்று மரத்தில் புழு குடைஞ்ச வழி நான் குத்தின வரிசையிலிருந்தே தொடங்குது. மீதி இரண்டில் குருத்து வழியாகவும் வந்திருக்கலாம், அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறாத 24 மரத்தில் ஒன்றும் போகலை. செத்த மரத்தைத் தோப்பில் வைக்காதீங்க. துண்டு போட்டு, பிளந்து, புழு, கூடு எல்லாம் சேர்த்து எரிச்சிடணும். இல்லை என்றால் அதுவே அடுத்த மரத்துக்கு வண்டு அனுப்பும்.

பிறகு விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது, மேல்நாட்டில் மரம் கழிக்கிற தொழிலில் இருக்கிறவங்களே, உயிரோடு வைத்திருக்கப் போகிற மரத்தில் முள்ளுக்கால் போடக் கூடாது என்று விதி வைத்திருக்காங்க. வெட்டிச் சாய்க்கப் போகிற மரம், மேலே மாட்டிக்கிட்ட ஆளை மீட்பது, இந்த மாதிரி வேலைக்குத்தான் அது. கம்பம் ஏறக் குட்டை முள், தடித்த பட்டையுள்ள மரத்துக்கு நீள முள் என்று இரண்டு வகை இருக்கு. வெட்டப்போகும் சில்வர் ஓக்கில் கிளை இறக்குகிறவர் வேண்டுமானால் வாங்கலாம். அதிலும் முள் பிடிமானம் விட்டால் சர்ரென்று இறங்குவோம். மரத்தைச் சுற்றின கயிறும் பெல்ட்டும் இல்லாமல் அதைக் கட்டவே கூடாது. உளுத்த மரத்தில் முள் நிற்காது.

இப்போ நான் பயன்படுத்துறது கேரளக் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற உழவர் உருவாக்கின மாதிரி ஏறுகருவி. இடம், வலம் என்று இரண்டு தனிச் சட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு மிதி, ஒரு கைப்பிடி, மரத்தைச் சுற்றி வருகிற கம்பிவடம், மரத்தில் பதியும் ரப்பர். மிதியில் எடை வைத்தால் வடம் இறுகும், காலைத் தூக்கினால் தளரும். வலது தூக்கி, இடது தூக்கி, படியேறுகிற மாதிரிதான். மரத்தில் ஒரு கீறல் விழாது. நின்றுகொண்டு ஏற பயமாக இருந்தால் உட்கார்ந்து ஏறுகிற வகையும் இருக்கு. மேல் சட்டத்தில் உட்கார்ந்து கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுக்கணும், பிறகு அதில் நின்று மேல் சட்டத்தைத் தூக்கணும். கொஞ்சம் மெதுவு. என் வீட்டம்மா அதில்தான் கத்துக்கிட்டாங்க.

வாங்கும்போது பெயிண்டைப் பார்க்காதீங்க. வடத்தைக் கையில் துணி சுற்றி முழுக்கத் தடவிப் பாருங்க. ஒரு கம்பி பிரிஞ்சிருந்தாலும் வேண்டாம். பற்றவைத்த இடங்களைப் பாருங்க. உங்க தோப்பிலேயே பெருத்த மரத்துக்கும் சிறுத்த மரத்துக்கும் வடம் எட்டுதா, இறுகுதா என்று மாட்டிப் பார்த்தப்புறம் காசு கொடுங்க. தென்னைக்குச் செய்ததைப் பனையில் மாட்டாதீங்க. அடித்தூர் பெருத்து மேலே சிறுத்துப் போவதால் ஏறும் வழியில் வடத்தைத் திரும்ப இறுக்க வேண்டியிருக்கும், மறந்தால் மிதி சாய்ந்து கால் நழுவும்.

கருவியோடு பாதுகாப்புப் பெல்ட்டையும் சேர்த்து வாங்குங்க, இதில் சிக்கனம் பார்க்காதீங்க. இடுப்பில் மட்டும் கட்டுகிறதை விட தொடை, தோள் எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற வகைதான் நல்லது. அதன் கயிறு கருவியில் இல்லை, மரத்தைச் சுற்றி இருக்கணும். மேலே போனதும் கயிற்றை மட்டையில் கட்டாதீங்க. பச்சையாக இருந்தாலும் மட்டை மட்டைதான், கழன்று வரும். கொண்டைக்குக் கீழே தண்டைச் சுற்றிப் போடுங்க. கீழே இன்னொரு ஆள் இல்லாமல் ஏறவே ஏறாதீங்க. பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறதே உயிருக்கு ஆபத்து, சீக்கிரம் இறக்கணும். மழை நாள், பனி காயாத காலை, பாசி பிடித்த மரம், மின்கம்பி உரசுகிற மரம் இதெல்லாம் விட்டுடுங்க. ரொம்பச் சாய்ந்த மரத்தையும் நான் தொடுறதில்லை. அதற்கு இன்னும் தளைக்காரங்கதான்.

முதல் பத்து நாள் தலை உயரத்துக்கு மேல் போகாமல் ஏறி இறங்கிப் பழகினேன். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இலிருந்து இதற்கு ஆறு நாள் பயிற்சி நடத்துது. கிடைத்தால் போங்க.

ஏறுகிறது காய்க்கு மட்டும் என்று நினைக்காதீங்க. மேலே போகும்போது வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து கொண்டு போறேன். மரத்துக்கு 150 கிராம், நடுவில் உள்ள மூன்று மட்டை இடுக்கில் போட்டால் காண்டாமிருக வண்டு ஒதுங்கும். பச்சை மட்டை கழிக்க வேண்டி வந்தால் ஒட்ட வெட்டாமல் நாலு அடி விட்டு வெட்டுறேன், அந்த வெட்டுவாயும் கூன்வண்டுக்குக் கதவுதான்.

முள் குத்தின மரம் இன்னும் ஒன்பது நிற்குது. வாரம் ஒரு தடவை காதை வைத்துக் கேட்கிறேன். மாமாவும் சாயங்காலம் வந்து தட்டிப் பார்த்துட்டுப் போவார். போன வெட்டில் அந்த ஒன்பதிலும் காய் இறங்குச்சு. முள்ளுக்கால் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கு. விலைக்குக் கேட்டாங்க, கொடுக்கலை.