கற்கும் வழி திறக்கட்டும்: மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கான பாடநூல்களும் உதவிக் கருவிகளும்

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம், வானூர், திண்டிவனம் பகுதிகளிலிருந்து பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்களிடம் வருகின்றனர். கண்ணாடி கொடுத்தாயிற்று, அறுவை சிகிச்சை முடிந்தது, மருந்தும் தொடர்கிறது. அதன் பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பிள்ளை இனி எப்படிப் படிக்கும்?" மருத்துவத்தால் முழுமையாகச் சரிசெய்ய இயலாத குறைபாடுகள் உண்டு. அந்நிலையிலும் படிப்பு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு இரண்டு தேவை. முதலாவது, பிள்ளையால் படிக்கக்கூடிய வடிவில் அமைந்த பாடநூல். இரண்டாவது, அப்பாடத்தை அணுக உதவும் கருவி. இவ்விரண்டையும் குறித்துக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பார்வையின்மை, குறை பார்வை, செவித்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்றளிக்கப்பட்ட மாணவர்களுக்கு, 18 வயது வரை பாடநூல்கள், பிற கற்றல் பொருள்கள், பொருத்தமான உதவிக் கருவிகள் ஆகியவற்றைக் கட்டணமின்றி வழங்க அரசு வழிவகை செய்ய வேண்டும் என்று அதன் 17-ஆம் பிரிவு கூறுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு ஆகியவையும் அதே பிரிவில் இடம்பெற்றுள்ளன. ஆகவே பள்ளியிலோ அலுவலகத்திலோ இவற்றைக் கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை.

பார்வைக் குறைபாடு: முதலில் அறிய வேண்டியது

பார்வைக் குறைபாடு உடைய பிள்ளைகள் அனைவரும் முற்றிலும் பார்வையற்றவர்கள் அல்லர். பலருக்கு எஞ்சிய பார்வை உண்டு. அதை முழுமையாகப் பயன்படுத்தச் செய்வதே முதல் பணி. நல்ல கண்ணில், கண்ணாடி அணிந்த பின்னும், பார்வை 6/18-க்குக் கீழே இருந்தால் அதைக் குறை பார்வை என்கிறோம். அத்தகைய பிள்ளை புத்தகத்தை முகத்தருகே கொண்டுசென்று படிக்கும். "கண் கெட்டுவிடும், தள்ளி வைத்துப் படி" என்று வீட்டில் அதட்டுவார்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள். 25 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள எழுத்தை 12 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், விழித்திரையில் அதன் உருவம் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகிறது. குழந்தையின் கண் அவ்வளவு அருகிலும் குவியும் ஆற்றல் உடையது. விலை கொடுத்து வாங்காத பூதக்கண்ணாடி அது. அதனால் கண் கெடாது. கழுத்தும் முதுகும் வலிக்காமல் இருக்க, புத்தகத்தைச் சாய்த்து வைக்கும் பலகை ஒன்று போதும். ஊர்த் தச்சரே செய்து தருவார்.

வகுப்பறையில் சில எளிய மாற்றங்கள் பெரும்பயன் தரும். முதல் வரிசையில் இடம் வேண்டும். சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் முதுகுப்புறமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். பென்சிலுக்குப் பதிலாகத் தடித்த கறுப்புப் பேனாவும், கனமான கோடிட்ட நோட்டும் பயன்படுத்தலாம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினால், மற்றப் பிள்ளைகளுக்கும் நன்மையே. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் மின்வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கைக்கணினியில் திறந்து வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

எஞ்சிய பார்வை படிக்கப் போதாத பிள்ளைக்குப் பிரெய்ல் முறை தேவை. பிரான்சின் லூயி பிரெய்ல் உருவாக்கிய ஆறு புள்ளி எழுத்துமுறை, 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்லாக வரையறுக்கப்பட்டது. அதில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. அச்சுத் தமிழில் "கொ" என்று எழுத ககரத்தின் இருபுறமும் குறிகள் வருகின்றன. பிரெய்லில் ககரமும் அடுத்து ஒகரமும் ஒலிக்கும் வரிசையிலேயே வருகின்றன. காதால் அறிந்த மொழியை விரலால் எழுதுவது எளிதாகிறது.

"கைப்பேசிதான் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறதே, பிரெய்ல் எதற்கு?" என்று சிலர் கேட்பர். கேட்டு அறிவதும் எழுத்தறிவும் ஒன்றல்ல. ணகரமும் னகரமும், ளகரமும் ழகரமும் எங்கு வரும் என்பதைத் தானே தொட்டுப் படிக்கும் பிள்ளைதான் உறுதியாகக் கற்கும். கணக்குப் பாடத்திற்கும் இது பொருந்தும். ஆகவே இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் பரிந்துரை.

விழித்திரை நிறமி நோய் போல, பார்வை படிப்படியாகக் குறையும் நோய்கள் சில உள்ளன. அவற்றில் காத்திருப்பது தவறு. பார்வை ஓரளவு இருக்கும்போதே பிரெய்லையும் திரைவாசிப்பானையும் பழகத் தொடங்கினால், பத்தாம் வகுப்பில் பார்வை குறைந்தாலும் படிப்பு தடைபடாது. பெற்றோரிடம் இதைச் சொல்வது எங்களுக்கும் எளிதன்று. ஆயினும் சொல்லாமல் விடும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு இழப்பு.

பேசும் கணினியும் தமிழ் எழுத்துருவும்

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிக் கூறும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற வசதி உள்ளிணைக்கப்பட்டே வருகிறது. கணினிக்கு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டும் தமிழைப் படிக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எழுத்து யூனிகோட் முறையில் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தமிழ்த் தட்டச்சில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் வழங்கின. அவற்றில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, கணினிக்குள் ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே இருக்கிறது. திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஒலியாகப் படிக்கும். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இருப்பினும் பழைய எழுத்துருவில் அமைந்த வினாத்தாள்களும் குறிப்பேடுகளும் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் பிள்ளையின் கைப்பேசி அதைப் படிக்கும். ஆங்கில எழுத்துகளாக வந்தால் படிக்காது. வரியைத் தெரிவுசெய்யவே முடியாவிட்டால் அது வெறும் படம். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகைப் படமாக அனுப்பாமல் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்ளுங்கள். செலவில்லாத இவ்வுதவி, விலையுயர்ந்த பல கருவிகளைவிட மேலானது.

நூல்களைப் படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றுவது குற்றமாகுமோ என்ற ஐயமும் வேண்டாம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக இதை அனுமதிக்கிறது. இதே நோக்குடைய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில், அச்சு நூலைப் படிக்க இயலாதோர் பதிவுசெய்து நூல்களைப் பெறலாம்.

செவித்திறன் குறைபாடு

காதொலிக் கருவி பொருத்தியதும் எல்லாம் கேட்கும் என்று எண்ணுவது இயல்பு. வகுப்பறையில் நிலைமை வேறு. தொலைவு இருமடங்காகும்போது ஒலி ஆறு டெசிபெல் குறைகிறது. மின்விசிறியின் இரைச்சலும் பெஞ்சுகளின் ஓசையும் அதனுடன் சேர்கின்றன. ஆகவே பிள்ளை முன்வரிசையில் அமர வேண்டும். ஆசிரியர் முகம் காட்டிப் பேச வேண்டும். இயலுமானால் ஆசிரியர் அணியும் ஒலிவாங்கியிலிருந்து நேரே கருவிக்கு ஒலியை அனுப்பும் கம்பியில்லாக் கருவியைப் பயன்படுத்தலாம்.

காதுநுண்வில் பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. மொழி வளரும் பருவம் கடந்தால் பயன் குறையும் என்பதால், பேச்சு வரவில்லை என்ற ஐயம் எழுந்தவுடன் பரிசோதனைக்கு வாருங்கள். சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. ஏதேனும் ஒரு மொழி காலத்தே முழுமையாகக் கிடைப்பதே முக்கியம். பள்ளிப் பாடநூல்களை இந்தியச் சைகை மொழியில் காணொளியாக்க, இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2020-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

இயக்கமும் பேச்சும்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு முதல் கல்விக் கருவி அதன் இருக்கைதான். உடல் நிலையாக அமர்ந்தால்தான் கை எழுதும், கண் பலகையைப் பார்க்கும். பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பென்சிலைப் பிடிக்க இயலாவிட்டால், அதன்மேல் துணியோ ரப்பர் குழாயோ சுற்றித் தடிமனாக்கலாம்.

பேச இயலாத பிள்ளை எதையும் அறியாது என்று கருதுவது பெருந்தவறு. சொல்ல வாய்ப்பில்லாத பிள்ளைக்குப் படங்களைச் சுட்டிக்காட்டும் அட்டை ஒன்றே பேச்சாகும். இத்துறையில் தமிழகத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் ஆவாஸ் என்னும் கருவியை உருவாக்கினார். சென்னை வித்யா சாகர் நிறுவனத்தின் சிறப்புப் பிள்ளைகளோடு பழகியே அது வடிவம் பெற்றது. அதே ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், அமர்ந்தவர் எழுந்து நிற்க உதவும் அரைஸ் என்ற சக்கர நாற்காலியை 2019-இல் வெளியிட்டது. எனினும் பள்ளி வாசலில் சாய்தளமும் நுழையத்தக்க கழிவறையும் இல்லாவிட்டால் எந்த நாற்காலியும் பயன்படாது. அவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.

கற்றல் குறைபாடு

அறிவுத்திறன் இயல்பாக இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத நிலை டிஸ்லெக்சியா. "சோம்பேறி" என்ற பட்டம் பெறுவோர் பெரும்பாலும் இப்பிள்ளைகளே. தமிழில் "கெ", "கே", "கை" ஆகியவற்றின் குறி எழுத்தின் இடப்புறம் வருவதும், ர-ற, ல-ள-ழ, ந-ண-ன வேறுபாடுகளும் இவர்களைத் தடுமாறச் செய்கின்றன. பாடத்தைக் குரலாகக் கேட்டபடியே எழுத்தை விரலால் தொடர்வது, வரியின் கீழ் அளவுகோல் வைத்துப் படிப்பது, வாய்மொழியாக விடையளிக்க இடமளிப்பது ஆகியவை உதவும். கண்ணாடியோ சத்து மருந்தோ இதனைக் குணப்படுத்தாது.

கருவிகள் ஏன் பரணில் கிடக்கின்றன?

முகாமில் பெற்ற கருவிகள் பல வீடுகளில் பயனின்றிக் கிடப்பதைக் காண்கிறோம். காரணங்கள் தெளிவானவை. பிள்ளையின் அளவுக்கும் தேவைக்கும் பொருந்தாத கருவியாக இருக்கும். பயன்படுத்தக் கற்பிக்க ஆள் இருந்திருக்காது. மின்கலம் தீர்ந்ததும் மாற்றியிருக்க மாட்டார்கள். பிள்ளை வளர்ந்ததும் நாற்காலி சிறிதாகியிருக்கும். சக மாணவர் கேலி செய்ததால் பிள்ளையே கழற்றி வைத்திருக்கும். ஆகவே கருவி வாங்கிய ஒரு மாதத்திலும், பின்னர் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் பிள்ளையோடு அதையும் எங்களிடம் எடுத்து வாருங்கள்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

1. மருத்துவரிடம் நோயின் பெயரோடு நிறுத்தாமல், "பிள்ளை எந்த அளவு எழுத்தைப் படிக்கும், எவ்வளவு தொலைவில் கேட்கும், எவ்வளவு நேரம் அமரும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதன் ஒரு படியைப் பள்ளியில் கொடுங்கள்.

2. மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுங்கள். நம் பகுதி மக்கள் பலர் புதுச்சேரியில் சிகிச்சை பெறுகின்றனர். ஆயினும் முகவரி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தால், தமிழக அரசின் நலத்திட்டங்களுக்கு விழுப்புரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையே அணுக வேண்டும். புதுச்சேரி மருத்துவமனைக் குறிப்புகளைத் தவறாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

3. வானூர் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைச் சந்தியுங்கள். மதிப்பீட்டு முகாம், கருவி, பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு இல்லம் சார்ந்த பயிற்சி ஆகியவை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழி நடைபெறுகின்றன.

4. பொதுத்தேர்வுச் சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள். சொல்வதை எழுதுபவரோடு தேர்வெழுதுவது தனிப் பயிற்சி வேண்டும் செயல். ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்குங்கள்.

5. எந்தக் கருவி, எந்த வடிவம் என்று முடிவெடுக்கும்போது பிள்ளையையும் கேளுங்கள். பயன்படுத்தப்போவது அவரே.

சான்றிதழ் குறித்த அச்சம்

"சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், பெண் பிள்ளைக்கு வரன் அமையாது" என்று தயங்கும் பெற்றோர் உண்டு. அவர்களின் கவலை எங்களுக்குப் புரிகிறது. குறைபாட்டை மறைத்து வைப்பதால் அது நீங்குவதில்லை. அக்காலத்தில் பிள்ளை புரியாத பாடத்தின் முன் அமர்ந்து, தன்னை அறிவற்றவர் என்று நம்பத் தொடங்கி, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடும். படித்துத் தன் காலில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் மதிப்பை, மறைக்கப்பட்ட சான்றிதழ் தராது. உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடும் அச்சான்றிதழை முன்வைத்தே கிடைக்கிறது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு பிள்ளையின் பாடநூல் ஒன்றையும் நோட்டு ஒன்றையும் எடுத்து வாருங்கள். எங்கள் முன்னிலையில் பிள்ளை அதைப் படித்துக் காட்டட்டும். எங்கே தடுமாறுகிறது என்பதைச் சேர்ந்து பார்த்து, தக்க வடிவத்தையும் கருவியையும் அங்கேயே முடிவுசெய்வோம்.