பலமதிப்புச் சார்புகளும் இடத்தியல் படியும்

வைட்ஃபீல்டிலிருந்து பெங்களூர் நகரின் நடுப்பகுதிக்குச் செல்வோர்க்கு இரண்டு பெருவழிகள் உள. ஒன்று மாரத்தஹள்ளி வழியாகப் பழைய விமான நிலையச் சாலை. மற்றொன்று கிருஷ்ணராஜபுரம் வழியாகப் பழைய சென்னைச் சாலை. விரைவான வழியையே மக்கள் நாடுவர். ஆனால் எல்லாரும் நாடிய வழி நெரிசலுற்று விரைவிழந்துவிடும். எனவே, எவரும் வழி மாற விரும்பாத சமநிலை ஒன்று உண்டா என்னும் வினா எழுகின்றது. 1952-இல் வார்ட்ராப் என்னும் ஆங்கில அறிஞர் இச்சமநிலையைத் தெளிவாக வரையறுத்தார். அஃது இல்லையெனில், சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணியவரின் உழைப்பைக் கொண்டு அதனைக் கணக்கிட முயல்வது வீண் வேலையாகும்.

முதற் சாலையில் செல்வோரின் பங்கு ப என்க. அச்சாலையின் பயண நேரம் 40 + 30ப நிமிடம். மற்றதன் நேரம் 50 + 20(1 − ப) நிமிடம். (இவை கணக்கின் எளிமைக்காகக் கற்பித்துக்கொண்ட எண்கள், அளந்தவை அல்ல.) ப = 0.6 ஆயின் இரண்டும் 58 நிமிடம் ஆகும். ப அதனினும் குறைந்தால் முதற் சாலையே விரைவானது. ஆகவே மக்கள் விரும்பும் பங்கு 1. மிகுந்தால் விரும்பும் பங்கு 0. சரியாக 0.6 ஆகும்போதோ எந்தப் பங்கீடும் ஒப்பத் தக்கதே. 0 முதல் 1 வரையுள்ள எல்லா எண்களும் விடைகளாகும். இவ்வாறு ஒரு புள்ளிக்கு ஓர் எண்ணைத் தராமல் ஒரு கணத்தையே தருவது பலமதிப்புச் சார்பு. தன் விடைக் கணத்தினுள் தானே அடங்கும் புள்ளி நிலைப்புள்ளி. இங்கு அது 0.6.

0.6-இல் 0, 1 என்னும் இரண்டு விடைகளை மட்டும் வைத்துக்கொண்டால் நிலைப்புள்ளி மறைந்துவிடும். விடைக் கணம் குவிகணமாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையின் வலிமை இதுவே. பயணிகள் இரு சாலைகளிலும் பிரிந்து செல்லக்கூடும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். அதனுடன் விடைக் கணம் மூடியதாகவும், சார்பு மேல் அரைத்தொடர்ச்சி உடையதாகவும் இருத்தல் வேண்டும்.

இனி, படி என்பது யாது? பங்கிலிருந்து விரும்பும் பங்கைக் கழிப்போம். ப = 0 ஆகும்போது வேறுபாடு −1; ப = 1 ஆகும்போது +1. எல்லைகளில் குறி எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறுவதால் படி +1. படி பூச்சியமன்று எனின் உள்ளே ஒரு தீர்வு கட்டாயம் உண்டு. உள்ளே எட்டிப் பாராமல், வேலியை மட்டும் சுற்றிவந்து இம்முடிவை அடைகின்றோம்!

0.6-இல் சார்பு துள்ளுகின்றதே, அங்குத் தொடர்ச்சி ஏது எனச் சிலர் ஐயுறலாம். ஆசிரியர் கரும்பலகையில் 0.59-க்கும் 0.61-க்கும் இடையே 1-இலிருந்து 0-க்கு ஒரு சாய்கோடு வரைந்து காட்டுக. இப்பொழுது சார்பு தொடர்ச்சியுள்ளது. நிலைப்புள்ளி ஏறத்தாழ 0.5980. இடைவெளியை 0.599 முதல் 0.601 வரை சுருக்கினால் 0.5998. படி மாறவில்லை, நிலைப்புள்ளி 0.6-ஐ நெருங்குகின்றது. 1969-இல் செல்லினா, லசோட்டா ஆகிய இருவரும் பலமதிப்புச் சார்புக்குப் படியை வரையறுக்கக் கையாண்ட தோராய முறையின் கரு இதுவே.

2023 மார்ச்சில் வைட்ஃபீல்டுக்கும் கிருஷ்ணராஜபுரத்துக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அது நகரத் தடத்தோடு இணைந்தது. வழிகள் மூன்றாயின, பங்கீடு ஒரு முக்கோணத்தின் புள்ளியாயிற்று. இத்தகைய நிலையிலும் தீர்வு உண்டு என்பதைக் ககுட்டானி 1941-இல் நிறுவிய தேற்றம் உறுதி செய்கின்றது.

பங்கு காலை முழுவதும் நேரத்தோடு மாறுமெனின், நாம் தேடுவது ஓர் எண்ணன்று, ஒரு சார்பு. அது வாழும் இடம் முடிவிலாப் பரிமாணமுடைய பானாக் வெளி. அங்குத் தொடர்ச்சி மட்டும் போதாது. கோளத்தைத் தன்னுள்ளேயே அனுப்பியும் நிலைப்புள்ளி பெறாத தொடர்ச்சியுள்ள சார்புகள் உள. ஆகவே, லெரேயும் ஷௌடரும் 1934-இல் கச்சிதம் என்னும் பண்பை வேண்டினர்: கட்டுண்ட கணத்தின் பிம்பம், முடிவுறு பரிமாணக் கணங்களால் வேண்டிய அளவு நெருங்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். தீர்வுகள் எல்லையைத் தொடாதவரை சார்பைச் சிறிது சிறிதாக மாற்றினாலும் படி மாறாது. பயன்பாட்டில் பெரும்பாடு படுவது, தீர்வுகள் எல்லையைத் தொடா என்று காட்டுவதில்தான்.

படி தீர்வுகளின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. பயணிகள் பெருகும்போது ரயில்கள் அடுத்தடுத்து வருமெனின், ஒரு சமநிலைக்குப் பதில் மூன்று தோன்றக்கூடும். அவற்றின் குறிகள் முறையே +1, −1, +1; கூட்டுத்தொகை மீண்டும் 1. நடுவிலுள்ள சமநிலையிலிருந்து சிறிது விலகினால், விலகல் மேலும் பெருகும். ஆகவே அது நீடிப்பதில்லை. களத்தில் எண்ணுவோர் காண்பது பெரும்பாலும் ஓரத்து இரண்டில் ஒன்றையே.