கருங்கல்லும் கறுப்பு மணலும்

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். மாரி முடிந்து தை, மாசியில் கடற்கரைக்குப் போனால் வெள்ளை மணலுக்கு மேல் கறுப்பு மணல் பட்டை பட்டையாகக் கிடக்கும். புல்மோட்டையில் அள்ளுகிற இல்மனைற் இதுதான் என்கிறார் அப்பா. இதெல்லாம் ஒரு காலத்தில் கருங்கல்லாக இருந்தது என்கிறார் எங்கள் ஆசிரியர். கருங்கல் மலை உள்ள இடமெல்லாம் இலித்தியம் போன்ற விலைகூடிய உலோகங்கள் இருக்கும் என்று ஊரில் ஒருவர் சொல்லித் திரிகிறார். கருங்கல் எப்படி உண்டாகிறது? அரிய உலோகம் அதற்குள் எப்படிச் சேர்கிறது? எங்கள் பக்கத்தில் அது இருக்கிறதா?
— ஒரு மாணவி, இறக்கக்கண்டி

பதில்: பிள்ளை, உங்கள் அப்பா சொன்னது சரி. ஆசிரியர் சொன்னது பாதி சரி. ஊரவர் சொன்னது பிழை. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கருங்கல்லின் பிறப்பு. நிலத்துக்கடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், ஏறக்குறைய 650 முதல் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பழைய பாறைகள் உருகத் தொடங்கும். பாறை முழுவதும் உருகுவதில்லை. இலகுவில் உருகக்கூடிய பகுதி மட்டும் முதலில் உருகிப் பிரிந்து வரும். அதில் சிலிக்காவும் பொற்றாசியமும் சோடியமும் கூடுதலாக இருக்கும். நீர் கலந்திருந்தால் குறைந்த வெப்பமே போதும். இப்படிப் பிரிந்த பாறைக்குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே மெல்ல மேலே ஏறும். ஆனால் தரைக்கு வந்து சேராது. சில கிலோமீற்றர் ஆழத்திலேயே நின்று, பல ஆயிரம் ஆண்டுகள், சில வேளை இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்து ஆறும். ஆறுதலாகக் குளிர்வதால் பளிங்குகள் கண்ணால் பார்க்கிற அளவுக்கு வளர்கின்றன.

உடைத்த கல் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோலச் சாம்பல் நிறத்தில் தெரிவது குவாட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகம் வெயிலில் பளிச்சிடுவது பெல்ஸ்பார். நகத்தால் சுரண்டினால் மெல்லிய ஏடாகப் பெயர்கிற கறுப்புத் துணுக்கு மைக்கா. இவை ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தால் அது உண்மையான கருங்கல். கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக ஓடினால் அது நைஸ். பழைய பாறை ஒன்று அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறி வந்தது. இலங்கையில் வீதிக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் உடைக்கிற கல்லில் பெரும்பகுதி நைசும் சார்னொக்கைற்றும்தான். எல்லாவற்றையும் கருங்கல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான கருங்கல்லுக்கு நல்ல உதாரணம் வடமேற்கே தோணிகலப் பக்கத்து இளஞ்சிவப்புக் கல்.

இனி உலோகம். அரிய உலோகம் எங்கேயோ ஒளிந்திருக்கிற பொருளல்ல. சாதாரணப் பாறையிலும் அது உண்டு. மேலோட்டுப் பாறையில் ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 20 கிராம் இலித்தியமும், 2 கிராம் அளவில் வெள்ளீயமும், 1 கிராம் அளவில் தந்தாலமும் இருக்கும். ஆனால் இந்த அளவை எடுத்து ஒருவரும் தொழில் நடத்த முடியாது. இலித்தியச் சுரங்கம் கட்டுப்படியாக வேண்டுமென்றால் இயற்கை அதை 200 மடங்கு அளவுக்காவது ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆகவே உலோகம் இருக்கிறதா என்று கேட்பது பயனில்லை. அதைச் சேர்த்தது எது என்றுதான் கேட்க வேண்டும்.

சேர்க்கிற வேலை பாறைக்குழம்பு ஆறும்போது தொடங்குகிறது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தில் உப்பளம் பார்த்திருப்பீர்கள். கடல்நீர் வற்ற வற்ற உப்பு பளிங்காகப் படியும். உப்பில் இடம் கிடைக்காத மக்னீசியமும் புரோமினும் கடைசியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் செறிந்து கிடக்கும். பாறைக்குழம்பிலும் இதுவே நடக்கிறது. குவாட்ஸ் சிலிக்கனையும் ஒட்சிசனையும் மட்டும் கேட்கும். பெல்ஸ்பார் பொற்றாசியம், சோடியம், கல்சியம், அலுமினியத்துக்கு இடம் கொடுக்கும். மைக்கா இரும்பையும் மக்னீசியத்தையும் சேர்த்துக்கொள்ளும். இலித்தியமும் பெரிலியமும் இந்த இடங்களுக்கு மிகச் சிறியவை. சீசியம் மிகப் பெரியது. நையோபியம், தந்தாலம் ஆகியவற்றின் ஏற்றம் இந்தப் பளிங்குகளுக்கு ஒத்துவராது. ஆகவே ஒவ்வொரு பளிங்கு படியும்போதும் இவை குழம்பிலேயே தங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குழம்பு கல்லாகிவிட்டால், மிஞ்சிய பத்துப் பங்கில் இவை ஏறக்குறையப் பத்து மடங்கு செறிந்திருக்கும்.

அதே மிச்சத்தில் நீரும் புளோரினும் போரனும் சேர்கின்றன. இவை குழம்பின் உறைநிலையை 500 பாகைக்குப் பக்கத்திலும் அதற்குக் கீழும் இறக்கி, அதை நீர்த்துப்போகச் செய்யும். அப்படி நீர்த்த கடைசிக் குழம்பு வெடிப்புகளில் புகுந்து பெக்மதைற் என்ற பருமணிப் பாறையாகும். அதில் பளிங்குகள் மீற்றர் கணக்கில் வளர்வதும் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கம் இலித்தியமும் தந்தாலமும் எடுப்பது இத்தகைய பெக்மதைற்றிலிருந்துதான். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், மார்லகல்லாப் பெக்மதைற்றில் 1,600 தொன் இலித்தியம் இருக்கலாம் என்று இந்திய அணுக் கனிமத் துறை மதிப்பிட்டிருக்கிறது. உலகச் சுரங்கங்களோடு பார்த்தால் அது சிறிய அளவே.

பெக்மதைற்றோடும் கதை முடியவில்லை. ஆறுகிற கருங்கல்லிலிருந்து பிரிகிற சுடுநீர் வெள்ளீயத்தையும் தங்ஸ்தனையும் கரைத்துக்கொண்டு வெடிப்புகளில் ஏறி, குவாட்ஸ் நரம்புகளில் படியவிடும். மலேசியாவில் ஈப்போ நகரம் இருக்கிற கிந்தாப் பள்ளத்தாக்கை உலகின் பெரிய வெள்ளீய வயலாக்கியது, பக்கத்து மலைத்தொடரின் கருங்கல்தான். அந்தக் கல்லின் வயது ஏறக்குறைய 200 மில்லியன் ஆண்டுகள்.

அப்படியானால் எங்கள் பக்கத்தில் ஏன் இல்லை? உங்கள் கேள்வியின் முக்கியமான இடம் இதுதான். உருகிய பழைய பாறையில் அந்த உலோகம் ஓரளவாவது இருந்திருக்க வேண்டும். குழம்பு நெடுங்காலம் பிரிந்து பிரிந்து ஆறியிருக்க வேண்டும். நீரும் புளோரினும் போதிய அளவு இருந்திருக்க வேண்டும். கடைசியாக, உலோகம் செறிந்த மேற்பகுதி மழையிலும் வெயிலிலும் அரிபட்டுப் போகாமல் மிஞ்சியிருக்க வேண்டும். இந்த நாலும் கூடிவருவது அரிது. உலகத்துக் கருங்கல்லில் மிகப் பெரும்பகுதியில் தோண்டத்தக்க உலோகம் ஒன்றும் இல்லை.

இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் பழைய உருமாறிய பாறை. யாழ்ப்பாணமும் வடமேற்குக் கரையும்தான் சுண்ணக்கல். அந்தப் பழைய பாறைகளில் பெரும்பகுதி, இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக் கிடந்த காலத்தில், ஏறக்குறைய 550 முதல் 610 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் உருமாறியவை. நாட்டின் நடுவே ஓடுகிற பெரும்பட்டையின் பாறைகள் அப்போது 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்தன. அந்த ஆழத்தில் நீரும் குறைவு. வெள்ளீயமும் தங்ஸ்தனும் சேர்வது சில கிலோமீற்றர் ஆழத்தில். அப்படி ஏதும் சேர்ந்திருந்தாலும், அந்த மேற்பகுதியை ஆறுகள் எப்போதோ கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. இன்று நாம் நடந்து திரிவது அடிப்பகுதியின் மேல். ஆகவே மலையைக் காட்டி இலித்தியம் இருக்கிறது என்று யாராவது காணி கேட்டால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவையை நடத்தியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞர் என்றே அவரை நமக்குத் தெரியும்; ஆனால் அவர் புவிச்சரிதவியல் ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சப்ரகமுவையில் பலாங்கொடைப் பக்கத்துச் சேர்க்கோன் கருங்கற்களையும் பெக்மதைற்றுகளையும் அவர் ஆராய்ந்தார். அந்தப் பக்கத்து ஆற்றுக் கற்களில் கிடைத்த பாரமான கறுப்புக் கனசதுரப் பளிங்குகளை யுரேனினைற் என்று முதலில் கருதினார்கள். 1904இல் லண்டனில் அதை ஆராய்ந்த விண்டம் டன்ஸ்ரன், அது தோரியம் நிறைந்த புதிய கனியம் என்று கண்டு தோரியனைற் என்று பெயரிட்டார். 1905இல் ஒட்டோ ஹான் என்ற ஜேர்மானிய இளைஞர், லண்டனில் இரசாயனவியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் இந்த இலங்கைக் கனியத்திலிருந்து புதிய கதிரியக்கப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஹான்தான் அவர்.

இனி உங்கள் கடற்கரைக்கு வருவோம். கருங்கல்லிலும் நைசிலும் பெல்ஸ்பார் மழைநீரில் இளகிக் களியாகிவிடும். ஆனால் அவற்றிலுள்ள சேர்க்கோன், மொனசைற், ரூட்டைல், இல்மனைற் ஆகிய கனியங்கள் எளிதில் அழியா. யான் ஓயா போன்ற ஆறுகள் இவற்றை மணலோடு உருட்டிவந்து கடலில் விடுகின்றன. வாடைக் காலத்தில் பேரலை கரையேறும்போது எல்லா மணலையும் கொண்டுவரும். இறங்கும்போது அதற்கு வலு குறைவு. குவாட்ஸின் அடர்த்தி 2.65 என்பதால் அதை இழுத்துக்கொண்டு போகும். 4.7 அளவுள்ள இல்மனைற்றும் சேர்க்கோனும் கரையிலேயே தங்கும். இப்படித் தங்கித் தங்கித்தான் குச்சவெளிக்கு வடக்கே புல்மோட்டையில் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கனியமணல் சேர்ந்தது. அதற்கென்று 1957இல் அரசு கூட்டுத்தாபனம் ஒன்றையே அமைத்தது. அந்தக் கனியங்களில் பத்தில் ஏழு பங்கு இல்மனைற். மீதியில் முக்கியமானவை சேர்க்கோனும் ரூட்டைலும். மொனசைற் மிகக் குறைவு.

ஆசிரியர் சொன்னது பாதி சரி என்றேனே, அது இதனால்தான். சேர்க்கோனிலும் மொனசைற்றிலும் பெரும்பங்கு கருங்கல்லும் அதைச் சேர்ந்த பாறைகளும் தந்தவை. தைத்தேனியம் கொண்ட இல்மனைற்றும் ரூட்டைலும் பெரும்பாலும் உருமாறிய பாறைகளிலிருந்து வந்தவை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கறுப்பு மணலில் ஒரு கைப்பிடியைச் சிரட்டையில் போட்டு, கடல்நீர் விட்டு, சாய்த்துச் சுழற்றுங்கள். வெள்ளை மணல் விளிம்பால் வழிந்து போகும். கறுப்பு அடியில் நிற்கும். அதைக் காயவைத்து, பழுதான கணினி வன்தட்டிலிருந்து எடுத்த காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மேலே கொண்டுபோங்கள். இல்மனைற் ஏறி ஒட்டும். ஒட்டாமல் கிடப்பதை உருப்பெருக்கியால் பாருங்கள்: நிறமற்றுக் கூராக மின்னுவது சேர்க்கோன், கருஞ்சிவப்பு ரூட்டைல், தேன் நிறத்தில் உருண்டை மணி கண்டால் அது மொனசைற்றாக இருக்கலாம். உங்கள் கையிலுள்ள காந்தத்தின் நியோடிமியம் எடுக்கப்படுகிற கனியங்களில் மொனசைற்றும் ஒன்று. மொனசைற்றில் தோரியம் இருப்பதால் மெல்லிய கதிரியக்கம் உண்டு. கைப்பிடி மணலுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் பை பையாக அள்ளி வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, கனியம் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். நாளை உங்கள் கரைக்கு யாராவது இயந்திரத்தோடு வந்தால், அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கனியம், எவ்வளவு ஆழத்துக்கு, வருடத்துக்கு எவ்வளவு, ஆறும் வாடையும் திருப்பித் தருகிற மணலைவிட எடுப்பது கூடுதலா என்று கேளுங்கள். எடுப்பது கூடினால் கரை உள்ளே வரும். படகு இழுத்து வைக்கிற இடமும் கரைவலை இழுக்கிற இடமும் போகும். இந்தக் கேள்விகளை ஊரில் யாராவது கணக்கோடு கேட்க வேண்டும். உயர்தரத்துக்குப் பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படிக்கலாம். கிழக்குக் கரையிலிருந்து இன்னும் பலர் அங்கே போக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நீங்கள் போங்கள்.