மூட்டு வலி: தனியாகப் பொறுக்க வேண்டாம், கூடிப் பேசுவோம்



நாற்று நட்டு, களை எடுத்து, குடம் சுமந்த கால்கள் நம்முடையவை. முட்டி வலித்தால் "வயசானா வரத்தானே செய்யும்" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். ஆனால் எல்லா மூட்டு வலியும் ஒன்றல்ல. முக்கியமான இரண்டு வகைகளை இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

மூட்டுத் தேய்மானம்

எலும்பு முனைகளில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. முழங்காலில்தான் அதிகம். படி ஏறினால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தால் வலி கூடும். ஓய்வெடுத்தால் குறையும். காலையில் இருக்கும் விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

முடக்கு வாதம்

இது முதுமையில் மட்டும் வருவதல்ல. 30, 40 வயதிலும் வரும். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இரண்டு கைகளிலும் விரல், மணிக்கட்டு வீங்கும். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஆனாலும் விரல் மடங்காது. கோலம் போட முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. சில வாரம் இப்படியே இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் விரல்கள் கோணிப்போகாமல் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

2006ல் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலித்தது. அதனால் அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கவனம் தேவை

• மருந்துக் கடையில் "முட்டி வலிக்கு ஏதாச்சும் குடுங்க" என்று வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.
• டாக்டர் தந்த ஸ்டீராய்டு மாத்திரையை நாமாகக் கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.
• முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தந்தால், அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது.
• முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம். அதற்காக மருந்தை விட்டுவிடக் கூடாது.

முட்டித் தேய்மானத்துக்கு எளிய பயிற்சி

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைச் சதை பலமானால் முட்டிக்குப் பாரம் குறையும். வலி அதிகமானால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

குழுவால் என்ன முடியும்?

வலி உள்ளவர் வெளியே சொல்வதில்லை. "நடிக்கிறா" என்று வீட்டில் பேசுவார்களோ என்ற பயம். கீழே உட்கார முடியாமல் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்துகிறார்கள். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று நாமும் நினைத்துவிடுகிறோம். அதே வலி உள்ள இன்னொருத்தியிடம் பேசினால் "எனக்கு மட்டும் இல்லை" என்ற தைரியம் வருகிறது. மருந்தோடு இந்த ஆதரவும் வேண்டும்.

எனவே கூட்டத்தில் நாற்காலி போடுவோம். வலி உள்ளவர்கள் வாரம் ஒரு நாள் கூடிப் பயிற்சி செய்யட்டும். அரசு மருத்துவமனைக்குத் தனியாக அனுப்பாமல் இரண்டு பேராகப் போகட்டும். 2021ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. நம் ஊர் விவரத்தைச் சுகாதார செவிலியரிடம் கேட்போம்.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் காலையில் விரல் மடக்க முடியாதவர் யாராவது உண்டா?
2. வலியால் கூட்டத்துக்கு வராமல் இருப்பவர் யார்? அவர் வீட்டுக்கு யார் போய்ப் பார்ப்பது?
3. மருத்துவச் செலவுக்கு உள்கடன் கேட்டால் எத்தனை நாளில் தர முடியும்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, செய்து காட்டுவோம்.