இரத்தம் கூறும் சான்று

இஞ்சி, பூண்டு, மஞ்சள் ஆகியவை இல்லாமல் கோழிக்குழம்பு மணப்பதில்லை. இப்பொருள்களைக் கோழி உண்ணும் தீவனத்திலேயே கலந்தால் என்ன நிகழும்? வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வியில் மனிதர்களின் உடல்நலமும் அடங்கியுள்ளது.

இறைச்சிக் கோழிகள் ஏறத்தாழ 35 நாள்களில் இரண்டு கிலோகிராம் எடையை எட்டிவிடுகின்றன. பண்ணையில் அவை நெருக்கமாக வளர்வதால் நோய் எளிதில் பரவுகிறது. எனவே, பல நாடுகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சிறிய அளவில் தீவனத்தில் கலக்கப்பட்டன. கோழிகள் விரைவாக எடை கூடின. ஆனால், அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளும் பெருகின. அத்தகைய கிருமி மனிதரைத் தாக்கினால், அதே வகை மருந்து பயன் தராமல் போகலாம். இதனால், வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதைச் சுவீடன் 1986ஆம் ஆண்டிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டிலும் தடை செய்தன. மலேசியா, 2019ஆம் ஆண்டு முதல் கோலிஸ்டின் என்னும் மருந்துக்குத் தடை விதித்தது. மற்ற மருந்துகள் பலனளிக்காத கடுமையான தொற்றுகளுக்கு மருத்துவர்கள் இறுதியாக நாடும் மருந்து அது.

மாற்று வழியைத் தேடிய ஆய்வாளர்களின் பார்வை சமையலறைப் பொருள்களின் மீது திரும்பியது. பூண்டிலுள்ள அல்லிசினும் மஞ்சளிலுள்ள குர்குமினும் ஆய்வுக்கூடத்தில் சில கிருமிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன. கண்ணாடிக் குழாயில் நிகழ்வது கோழியின் உடலிலும் நிகழுமா? அதை அறிய இரத்தப் பரிசோதனை உதவுகிறது.

முதலில், ஒரே வயதுடைய குஞ்சுகள் பல குழுக்களாகப் பிரிக்கப்படும். ஒரு குழுவுக்கு வழக்கமான தீவனமும் மற்றக் குழுக்களுக்கு வெவ்வேறு அளவில் மசாலைத்தூள் கலந்த தீவனமும் வழங்கப்படும். பின்னர், இறக்கையின் அடியிலுள்ள சிரையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கப்படும். சிவப்பணுக்கள் குறைந்திருந்தால் அது சோகையின் அறிகுறியாகும். வெள்ளையணுக்களில் இரு வகைகளுக்கு இடையிலான விகிதம், வெப்பம், நெரிசல் போன்றவற்றால் கோழி அடையும் உளைச்சலைக் காட்டும். மனிதரின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. கோழியின் சிவப்பணுவோ ஏறத்தாழ 30 நாள்களே வாழ்கிறது. ஆகவே, தீவனத்தின் விளைவு கோழியின் குறுகிய வாழ்நாளுக்குள்ளேயே இரத்தத்தில் தெரியக்கூடும்.

இவ்வாய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. சிலவற்றில் இரத்தத்தின் நிலை மேம்பட்டது. சிலவற்றில் மாற்றமே இல்லை. பொருளின் தரம், கலந்த அளவு, பண்ணையின் தூய்மை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இயற்கைப் பொருள் என்பதால் எவ்வளவு கொடுத்தாலும் தீங்கில்லை என எண்ணுவதும் தவறு. வெங்காயத்தையோ பூண்டையோ மிகுதியாக உண்ணும் நாய், பூனைகளின் சிவப்பணுக்கள் சிதைவது கால்நடை மருத்துவர்கள் அறிந்த உண்மையாகும். 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்னும் பழமொழி இங்கும் பொருந்தும்.

முன்னோர் கைக்கொண்ட மருந்துப் பொருள்களை மதிப்பது நன்று. அவற்றின் பயனை அளந்து பார்த்து ஏற்பது அதனினும் நன்று.